பௌர்ணமியும் முட்டையும்

திருவண்ணாமலைக்கு வடக்கே, வேலூர் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். பௌர்ணமியன்று அந்தச் சாலையில் கிரிவலத்துக்காக ஜனங்கள் வந்து குவிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஐரோப்பாவின் ஈஸ்டர் ஞாபகம் வரும். சம்பந்தமில்லாத பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். ஈஸ்டரும் பௌர்ணமிக் கணக்குத்தான். மார்ச் 21-ஆம் தேதியிலோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமி கழிந்த ஞாயிறு அது. நம் பஞ்சாங்கத்தில் பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமி. சில வருஷங்களில் சித்திரா பௌர்ணமி.

இங்கே மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடை. அங்கே 40 நாள் நோன்பு. மத்திய காலத்தில் மாமிசத்தோடு பால், வெண்ணெய், முட்டை எல்லாமே விலக்கு. ஆனால் கோழிக்கு நோன்பு தெரியுமா? அது பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டிருந்தது. சேர்ந்துபோன முட்டைகளை வேகவைத்து, சாயம் தோய்த்து, நோன்பு முடிந்ததும் பங்கிட்டார்கள். 1290-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் 450 முட்டைக்கு 18 பென்ஸ் செலவு எழுதியிருக்கிறது. சிலவற்றுக்குப் பொன் தகடு ஒட்டினார்களாம். சரித்திரத்துக்கு மன்னர்களைவிடக் கணக்குப்பிள்ளைகளே அதிகம் உதவியிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பிரயாணம் பிற்பாடு வந்து சேர்ந்தது. 1871-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஈஸ்டர் திங்களை வங்கி விடுமுறையாக்கியது. ரயிலும் இருந்தது; தொழிலாளர்கள் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். இத்தாலியர்கள் அதே திங்களன்று சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போய்விடுவார்கள். ஓட்டோடு வெந்த முட்டை, நம் புளியோதரை போல, வழிக்கு வெகு சௌகரியம்.

இதற்குள் நோன்பு தளர்ந்துவிட்டது. 1873-ல் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை கம்பெனி சாக்லேட் முட்டை செய்து விற்றது. ஏன் முட்டை என்று கேட்கும் குழந்தைக்கு இன்று பதில் சொல்ல அங்கே எத்தனை பேர் இருப்பார்கள்?

பதிலோடு கூடிய பண்டத்தைப் பார்க்க நாம் கேரளத்துக்குப் போனால் போதும். அங்கே சிரியன் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழனன்று புளிக்காத அரிசி மாவில் பெசகா அப்பம் செய்கிறார்கள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் வாங்கிய ஓலையைச் சிலுவையாக அதன் மேல் வைக்கிறார்கள். குடும்பத்துப் பெரியவர் ஜபம் சொல்லிப் பிட்டு, வயசு வரிசையில் கொடுக்கிறார். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அண்டை வீட்டார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.