இதயம் நின்றதா? தியானத்தை அளக்கப் புகுந்த கருவிகளின் கதை

1837ஆம் ஆண்டு. லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங்கின் அரசவை. ஹரிதாஸ் என்னும் பக்கிரி ஒருவர் தம்மை உயிரோடு மண்ணில் புதைக்கச் சொன்னார். துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள், முத்திரையிட்டார்கள், காவலும் போட்டார்கள். ஏறத்தாழ நாற்பது நாட்களுக்குப் பின் பெட்டியைத் திறந்தபோது அவர் உயிர் பெற்று எழுந்தார் என்பது செய்தி. அங்கிருந்த ஆங்கில அதிகாரி கிளாட் வேட் இதை எழுதி வைத்தார். மான்செஸ்டர் நகரின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1850இல் அதைத் தம் சிறு நூலில் சேர்த்துக்கொண்டார்.

வேட் பொய் சொல்லும் மனிதரல்லர் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பக்கிரியைப் புதைத்துச் சில மணி நேரம் கழிந்த பிறகுதான் அவர் அங்கே வந்து சேர்ந்தார். புதைத்ததைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டார். எழுந்ததை மட்டுமே கண்ணால் கண்டார். நடுவில் அந்த உடலுக்குள் என்ன நடந்தது என்று சொல்ல அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. யோகத்தையும் தியானத்தையும் பற்றிய செய்திகள் நெடுங்காலம் இந்த நிலையிலேயே இருந்தன. பார்த்தவர் சொன்னார், கேட்டவர் நம்பினார், அல்லது சிரித்தார்.

லோனாவ்லாவில் ஓர் ஆய்வுக்கூடம்

இந்த நிலையை மாற்ற முதலில் முனைந்தவர் ஒரு வெளிநாட்டார் அல்லர். பம்பாய்க்கும் புனாவுக்கும் இடையே, மலைச்சரிவில் உள்ள லோனாவ்லாவில், சுவாமி குவலயானந்தர் 1924ஆம் ஆண்டில் கைவல்யதாமம் என்ற நிலையத்தை நிறுவினார். அதே ஆண்டில் ‘யோக மீமாம்சா’ என்ற இதழையும் தொடங்கினார். ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சிகளையும் எக்ஸ் கதிர்ப் படங்களாலும் அழுத்தமானிகளாலும் ஆராய்ந்து அதில் வெளியிட்டார். வயிற்றுத் தசைகளைச் சுழற்றும் நௌலிப் பயிற்சியின்போது பெருங்குடலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைகிறது என்று அளந்து காட்டியவர் அவரே. அதனால்தான் பயிற்சி பெற்றவர் நீரைக் குடலுக்குள் இழுக்க முடிகிறது. அற்புதமாகத் தோன்றியது ஒரு பம்பின் வேலையாக விளங்கிற்று.

அவரை நான் மதிப்பது வேறொரு காரணத்திற்காக. பிராணாயாமத்தால் உடலுக்கு ஏராளமான பிராணவாயு கிடைக்கிறது என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். இன்றும் பலர் சொல்கிறார்கள். குவலயானந்தர் அளந்து பார்த்தார். அப்படி மிகுதியாக ஒன்றும் சேரவில்லை என்று எழுதினார். யோகத்துக்கே வாழ்வை அளித்தவர், யோகத்தைப் புகழும் ஒரு கூற்றைத் தம் அளவையால் தள்ளினார்.

நாடி மறைந்தது, இதயம்?

1935இல் பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் ப்ராஸ் அம்மையார், எடுத்துச் செல்லக்கூடிய இதய மின்வரைவுக் கருவியோடு இந்தியாவுக்கு வந்தார். இதயத்தைத் தம் விருப்பப்படி நிறுத்துவதாகச் சொன்ன யோகி ஒருவரைச் சோதித்தபோது, வரைவுத் தாளில் இதயத் துடிப்பின் அலைகள் சிறுத்துச் சிறுத்து, ஏறக்குறைய நேர்கோடாகிவிட்டன. மனிதன் தன் இதயத்தை மனத்தால் நிறுத்த முடியும் என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை மறுத்துப் பார்க்க எவரும் கிளம்பவில்லை.

1957இல் இருவர் கிளம்பினார்கள். ஒருவர் கலிபோர்னியாப் பல்கலைக் கழக உளவியலார் மரியன் வெங்கர். மற்றவர் மிச்சிகன் பல்கலைக் கழகத்தின் பாசு பாக்சி; வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் மூளை மின்னலைகளை ஆராய்ந்தவர். எட்டு அலைகளை ஒரே நேரத்தில் பதியும் கருவியோடு இந்தியாவில் ஐந்து மாதம் ஊர் ஊராகச் சென்று யோகிகளைக் கண்டார்கள். ப்ராஸ் சோதித்த யோகாசிரியரையும் தேடிப்பிடித்தார்கள். அவருக்கு அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது. இதயத்தை நிறுத்துவதைப் பற்றிய ஆய்வில் டில்லியின் உடலியல் பேராசிரியர் பி. கே. ஆனந்தும் இவர்களுடன் சேர்ந்தார். முடிவு 1961இல் வெளியாயிற்று.

அவர்கள் கண்டது என்ன? யோகி மூச்சை உள்ளிழுத்துத் தொண்டையை அடைத்துக்கொண்டு, மார்பு வயிற்றுத் தசைகளை இறுக்கினார். மணிக்கட்டில் நாடி மறைந்தது. மார்பில் வைத்த ஸ்டெதஸ்கோப்பில் துடிப்போசை கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற எந்த மருத்துவரும் “நின்றுவிட்டது” என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் மின்வரைவுத் தாளில் துடிப்பு ஓயவே இல்லை!

காரணம் எளிது. மூச்சை அடைத்து நெஞ்சை இறுக்கும்போது நெஞ்சறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெருஞ்சிரைகள் மெல்லிய சுவர் உடையவை; அவை நசுங்குகின்றன. உள்ளே வரும் இரத்தம் குறைவதால் வெளியே தள்ளப்படும் இரத்தமும் குறைகிறது. வறண்ட கிணற்றில் ஏற்றம் இறைப்பதுபோல இதயம் வெறுமனே இயங்குகிறது. இறுகிய தசைகளின் இரைச்சலில் அதன் ஓசையும் அமுங்கிவிடுகிறது. 1704இலேயே இத்தாலிய உடற்கூற்றாளர் வால்சால்வா எழுதிய மூச்சடைப்பு முறையோடு இது தொடர்புடையது. ப்ராஸின் தாளில் அலைகள் சிறுத்ததற்கும் விளக்கம் உண்டு: நெஞ்சு விரிந்து உதரவிதானம் இறங்கும்போது இதயத்தின் கிடையும் மாறுகிறது. ஓரிரு மின்வாய் இணைப்புகளை மட்டும் கொண்டு பார்த்தால் அலை சிறிதாகத் தெரியும். (இந்த மூச்சடைப்பை வாசகர்கள் செய்து பார்க்க வேண்டாம். மயக்கம் வரும், இதய நோய் உள்ளவர்க்கு ஆபத்து.)

ஏமாற்று என்று முடித்துவிடலாமா? கூடாது. யோகிக்கே தம் நாடி மறைவது தெரியும். இதயம் நின்றதாகவே அவர் நம்பினார். மேலும் அவர்கள் கண்ட இன்னொருவர், இதயத்தை நிறுத்தவில்லை என்றாலும், அதன் வேகத்தைத் தெளிவாகக் குறைத்துக் காட்டினார். அது மெய்யான கட்டுப்பாடு. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு மூச்சோடு இணைந்து இயங்குவது. இதை நீங்களே அறியலாம். அமைதியாக உட்கார்ந்து மணிக்கட்டில் விரலை வையுங்கள். மெல்ல மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரையும்; விடும்போது சற்றுத் தாழும். இளைஞர்களிடம் இது நன்றாகத் தெரியும்.

அந்தப் பயணத்தில் கண்ட மற்றொரு யோகியின் கதை எனக்கு இதைவிட வியப்பானது. கேட்டவுடன் நெற்றியில் மட்டும் வியர்வை வரவழைப்பார். குளிர்காலங்களில் இமயமலைக் குகையில் தங்கியிருந்தபோது, குளிர் தாங்காமல், கடும் வெப்பத்தில் இருப்பதாக மனத்தில் உருவகித்துப் பழகியவர் அவர். பழகப் பழக வெப்பம் வந்ததோ இல்லையோ, வியர்வை வந்துவிட்டது. மணியோசைக்கு எச்சில் ஊறிய பாவ்லாவின் நாய்களை நினைவுகூருங்கள். இங்கே மணியும் அவரே, பழக்கியவரும் அவரே.

பின்னாளில் 1970இல் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் மெனிங்கர் நிலையத்தில் சுவாமி ராமா என்பவர் இதயத்தை ‘நிறுத்தி’க் காட்டினார். மின்வரைவு காட்டியது நிறுத்தத்தை அன்று, அதற்கு நேர்மாறானதை. சுமார் 17 வினாடிகள் இதய மேலறைகள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 முறை என்ற வேகத்தில் படபடத்தன. அந்த வேகத்தில் இதயம் இரத்தத்தைச் சரியாகத் தள்ளாது. ஆகவே நாடி இல்லை.

டில்லியும் தோக்கியோவும்

1924இல் ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிந்தார், 1929இல் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது வினாடிக்கு 8 முதல் 13 வரை எழும் அலைக்கு ஆல்ஃபா என்று பெயர். கண்ணைத் திறந்தாலும் திடீரென ஓசை கேட்டாலும் அது கலைந்துவிடும். தியானத்தில் இருப்பவரைத் தட்டிப் பார்க்க இது நல்ல கதவு.

டில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தில் ஆனந்தும், ஜி. எஸ். சின்னாவும், நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங்கும் 1961இல் நான்கு யோகிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். (பல்தேவ் சிங் முன்பு நம் வேலூர் மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியுடன் பணியாற்றியவர்.) யோகிகள் தியானத்தில் ஆழ்ந்தபோது பலத்த ஒளியைக் காட்டினார்கள், உரத்த ஓசை எழுப்பினார்கள், சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டார்கள். ஆல்ஃபா கலையவில்லை. தியானத்தில் இல்லாதபோது அதே யோகிகளுக்கு அது உடனே கலைந்தது. வேறிருவர் 4 டிகிரி சென்டிகிரேடு குளிர்நீரில் 45 நிமிடங்களுக்கு மேல் கையை வைத்திருந்தார்கள். அப்போதும் ஆல்ஃபா நீடித்தது.

தோக்கியோவில் கசமாட்சுவும் ஹிராயும் 1966இல் ஜென் துறவிகளிடம் வேறு விதமாகக் கண்டார்கள். 15 வினாடிக்கு ஒரு முறை ‘டிக்’ என்று ஓசை. சாதாரண மனிதர்க்கு முதல் சில ஓசைகளுக்கு ஆல்ஃபா கலைகிறது, பிறகு பழகிவிடுகிறது. சுவர்க் கடிகாரத்தின் ஓசை நமக்குக் கேட்காமற் போவதும் இப்படித்தான். ஜென் ஆசிரியர்களுக்கோ ஒவ்வோர் ஓசைக்கும், முதல் ஓசைபோலவே, சில வினாடி கலைந்து திரும்பியது.

எவ்வளவு அழகான பொருத்தம்! உலகை விலக்கும் யோகிக்கு ஓசை எட்டவில்லை. கணந்தோறும் விழித்திருக்கும் ஜென் துறவிக்கு ஒவ்வோர் ஓசையும் புதிது. இரண்டு தத்துவங்களும் தாளில் எழுதப்பட்டதுபோல் இருந்தன. நூல்கள் இதை மேற்கோள் காட்டித் தீரவில்லை. ஆனால் 1981இல் அமெரிக்காவில் பெக்கரும் ஷபீரோவும் ஜென், யோகம், ஆழ்நிலைத் தியானம் பழகியவர்களையும் தியானமே செய்யாதவர்களையும் ஒரே அறையில், ஒரே முறையில் சோதித்தபோது, எல்லோருக்கும் ஓசை ஒரே மாதிரியாகப் பழகிப்போயிற்று. முதல் ஆய்வுகளில் பங்கேற்றவர் சிலர். இரு நாட்டின் சோதனை முறைகளும் வேறு. 1981இல் சோதிக்கப்பட்டவர்களின் தேர்ச்சி குறைவு என்று வாதிடலாம்தான். எனினும் அந்த அழகான பொருத்தத்தைப் பாடநூல் உண்மையாகச் சொல்ல இனி இயலாது.

யாரோடு ஒப்பிடுவது?

1970இல் ராபர்ட் கீத் வாலஸ், ஆழ்நிலைத் தியானத்தின்போது உடல் பயன்படுத்தும் பிராணவாயு கணிசமாகக் குறைகிறது என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அது தூக்கமும் அன்று, விழிப்பும் அன்று என்றார். அவருடன் பணியாற்றிய ஹெர்பர்ட் பென்சன், இதற்குத் தனி மந்திரம் தேவையில்லை, எந்தச் சொல்லை உருப்போட்டாலும் உடல் தளரும் என்று 1975இல் நூல் எழுதினார். அடுத்த ஆண்டு, அனுபவம் மிக்க ஐந்து தியானிகளின் மூளையலைகளைப் பதிந்த பேகனோ குழுவினர், தியான நேரத்தில் சராசரி நூற்றுக்கு நாற்பது பங்கு அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அறிவித்தார்கள்!

1984இல் டேவிட் ஹோம்ஸ் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு கேள்வி கேட்டார். தியானம் செய்பவரைத் தியானத்துக்கு முந்திய அவரோடு ஒப்பிட்டால் நாடி, மூச்சு எல்லாம் குறைகின்றன. சரி. கண்ணை மூடி நாற்காலியில் சும்மா சாய்ந்திருப்பவரோடு ஒப்பிட்டால்? வேறுபாடு தெரியவில்லை என்றது அவர் திரட்டு. பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பின் நல்ல ஆய்வு எதுவும் அந்த நாற்காலிக்காரரை மறக்கவில்லை.

இதற்கிடையே தியானம் மருத்துவமனைக்குள் புகுந்துவிட்டது. 1979இல் மாசச்சூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின், தீராத வலியால் வருந்துவோர்க்கு எட்டு வாரத் தியானப் பயிற்சியைத் தொடங்கினார். மூச்சையும் உடலின் உணர்ச்சிகளையும் விலகி நின்று கவனிக்கும் முறை அது. பௌத்தத்திலிருந்து பெற்றது, சமயச் சொற்கள் நீக்கப்பட்டது. இதன் வழியிலும் பிற வழிகளிலும் நடந்த 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேர் பங்கேற்றவற்றை, 2014இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் ஆராய்ந்து வெளியிட்டது. கவலை, மனச்சோர்வு, வலி ஆகியவை மிதமாகக் குறைந்தன. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்குச் சான்று இல்லை. கவனம், தூக்கம் பற்றிய சான்றுகளும் போதவில்லை. தேர்வு நெருங்கும்போது “தியானம் செய், மதிப்பெண் கூடும்” என்று உங்களிடம் யாரேனும் சொன்னால் இந்தக் கடைசி வரியை அவரிடம் காட்டலாம். தீவிரப் பயிற்சியில் சிலருக்கு அச்சமும் தூக்கமின்மையும் மனக்கலக்கமும் நேர்கின்றன என்பதையும் 2017இல் வெளியான ஓர் ஆய்வு விரிவாகப் பதிந்துள்ளது.

மூளையே மாறுமா? 2005இல் சாரா லேசார், தியானம் பழகிய 20 பேரையும் பழகாத 15 பேரையும் ஒப்பிட்டு, பழகியவர்களின் பெருமூளைப் புறணி சில இடங்களில் தடித்திருப்பதாகக் கண்டார். அவர்கள் மூளை முன்பே அப்படி இருந்ததா என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. 2022இல் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தார் முன்பு தியானம் பழகாத 218 பேரை எடுத்து, குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர்க்கு அந்த எட்டு வாரத் தியானம். இன்னொரு பகுதியினர்க்கு நடை, இசை, உணவு பற்றிய நலப் பயிற்சி. மூன்றாம் பகுதியினர்க்கு ஒன்றுமில்லை, காத்திருந்தார்கள். முன்னும் பின்னும் எல்லோர் மூளையையும் காந்தப் படம் எடுத்து அளந்தார்கள். மூன்று பகுதியினர்க்கும் இடையே மூளையின் அமைப்பில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை.