பெருஞ்சக்கரத்தின் கதை

சக்கரத்தை முதன்முதல் உருட்டியவன் யார் என்பதை வரலாறு குறித்து வைக்கவில்லை. ஆனால் அந்தச் சக்கரம் எவ்வளவு பெரிதாய் இருத்தல் வேண்டும் என்ற வினாவுக்கு மனிதன் விடை தேடிய வரலாறு நமக்கு நன்கு தெரியும். அது ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுக் கதை. அக்காலத்துள் வண்டியின் சக்கரம் ஒருமுறை வளர்ந்தது, பின்னர்ச் சிறுத்தது, இப்பொழுது மீண்டும் வளர்கின்றது. முதலில் அதனை வளர்த்தது தேவை. பின்னர்ச் சிறுக்க வைத்தது அறிவு. இன்று வளர்ப்பது பெரும்பாலும் ஆசை. இம்மூன்றையும் நேயர்களோடு சேர்ந்து சிந்திப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

பெரிய சக்கரத்துக்கு உள்ள நன்மையை முதலிற் சொல்லிவிடுதல் முறை. நம் மாட்டு வண்டிகளின் சக்கரங்கள் மார்பளவு உயர்ந்து நின்றமை வீண் ஆடம்பரத்தினால் அன்று. சிறிய சக்கரம் ஒரு குழியைச் சந்தித்தால் அதனுள் விழுந்து எழும். பெரிய சக்கரமோ அக்குழியின் இரு கரைகளையும் தொட்டுக்கொண்டு மேலே உருண்டு போய்விடும். கல் ஒன்று குறுக்கிட்டாலும் அவ்வாறே. கரடுமுரடான வழிக்குப் பெரிய சக்கரமே உற்ற துணை. இந்த உண்மை உலகெங்கும் வண்டி செய்தோர் அறிந்ததே.

இங்கிலாந்தில் கொவென்றி என்ற நகரில் ஜேம்ஸ் ஸ்ரார்லி என்பவர், வில்லியம் ஹில்மன் என்பவரோடு சேர்ந்து, 1870ஆம் ஆண்டில் ‘ஏரியல்’ என்னும் துவிச்சக்கர வண்டிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். முன்சக்கரம் மிகப் பெரிது. பின்சக்கரம் மிகச் சிறிது. இக்காலத்தவர் அதன் படத்தைக் கண்டால் நகைப்பர். ஆனால் அவ்வடிவத்துக்குத் தக்க காரணம் இருந்தது. அந்நாளில் மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே நேராகப் பொருத்தப்பட்டிருந்தன. மிதி ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறையே சுற்றும். ஆகவே விரைந்து செல்ல விரும்புபவன் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. 52 அங்குல விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் பதின்மூன்றரை அடிக்கு மேல் முன்னேறும். ஓட்டுபவனின் கால் எட்டும் அளவே சக்கரத்தின் அளவுக்கு எல்லையாயிற்று. நெடிய கால் உடையவன் விரைந்த வண்டியை வாங்கினான்!

அவ்விரைவுக்கு விலை ஒன்று இருந்தது. ஓட்டுபவன் ஏறக்குறைய முன்சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலே, ஆள் உயரத்தில் அமர்ந்திருந்தான். சிறு கல் ஒன்று சக்கரத்தைத் தடுத்தாலும், தடையை அவன் சற்றே கடுமையாக அழுத்தினாலும், வண்டி முழுவதும் அச்சைச் சுற்றி முன்னோக்கிப் புரண்டுவிடும். கால்கள் கைப்பிடியின் கீழ் அகப்பட்டிருக்க, அவன் தலை முதலில் நிலத்தில் மோதும். வழியின் மேட்டுபள்ளத்தை வென்ற அதே உயரம் ஓட்டியின் உயிருக்குப் பகையாயிற்று. பாரம் உயரே ஏற ஏற வண்டியின் நிலைபேறு குறையும் என்ற பாடத்தை அத்தலைமுறையினர் தம் உடம்பினாற் கற்றனர்.

இத்தகைய வண்டியிலும் துணிவுடையோர் அருஞ்செயல் செய்தனர் என்பதை மறுத்தற்கில்லை. தோமஸ் ஸ்ரீவன்ஸ் என்பவர் 50 அங்குலச் சக்கரமுள்ள வண்டி ஒன்றில் 1884 ஏப்ரில் மாதம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 1886 டிசம்பரில் ஜப்பானின் யொக்கஹாமா துறைமுகத்தில் தம் பயணத்தை முடித்தார். ஆயினும் வீரன் ஒருவன் செய்து காட்டியதனால் ஒரு பொருள் பொதுமக்களுக்கு ஏற்றதாகிவிடாது.

அவர் இன்னும் வழியில் இருந்தபோதே அந்தப் பெருஞ்சக்கரத்தின் காலம் முடியத் தொடங்கிவிட்டது. ஜேம்ஸ் ஸ்ரார்லியின் உடன்பிறந்தார் மகனான ஜோன் கெம்ப் ஸ்ரார்லி, அதே கொவென்றி நகரில், 1885ஆம் ஆண்டில் ‘ரோவர்’ என்ற வண்டியை வெளியிட்டார். ஏறக்குறைய ஒத்த அளவுள்ள இரு சக்கரங்கள். அவற்றுக்கு இடையே தாழ்ந்த இருக்கை. மிதிகட்டையிலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் ஒரு சங்கிலி. மிதி ஒரு சுற்றுச் சுற்ற, சங்கிலி பின்சக்கரத்தை இரண்டு, மூன்று சுற்றுச் சுற்ற வைக்கும். விரைவுக்குப் பெருஞ்சக்கரம் வேண்டும் என்ற கட்டாயம் அன்றே ஒழிந்தது. இவ்வகை வண்டிக்கு மக்கள் இட்ட பெயரே ‘பாதுகாப்பு வண்டி’ என்பதாகும். விந்தை யாதெனில், துவிச்சக்கர வண்டியின் பற்சக்கர விகிதத்தை இன்றும் சிலர் அங்குலக் கணக்கிற் கூறுகின்றனர். மறைந்துபோன அப்பெருஞ்சக்கரத்தின் விட்டமே அக்கணக்கில் இன்னும் வாழ்கின்றது.

சிறிய சக்கரம் உயிரைக் காத்தது; ஆனால் உடம்பைக் குலுக்கியது. இக்குறையை நீக்கியவர் பெல்பாஸ்ற் நகரில் விலங்கு வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லொப். தம் மகனின் முச்சக்கர வண்டிக்காக அவர் காற்று அடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்திற் பொருத்திப் பார்த்து, 1888இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ரொபேட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொத்லாந்தியர் 1845இலேயே இக்கருத்தைப் பதிவு செய்திருந்தார். ஆனால் உலகம் அதற்கு அப்போது ஆயத்தமாய் இருக்கவில்லை. 1889 மே மாதத்தில் பெல்பாஸ்ற்றில் நடந்த பந்தயங்களில் வில்லியம் ஹியூம் என்பவர் காற்று ரயர் பூட்டிய வண்டியில் ஓடி வென்றபின், நகைத்தவர்கள் வாய் அடங்கிற்று.

இவ்விடத்தில் நம் நாட்டுக்கும் இக்கதைக்கும் உள்ள தொடர்பு ஒன்றைக் குறிப்பிடல் தகும். பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ரப்பர் விதைகள் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, அந்நாற்றுகள் 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவை அடுத்த ஹேனரத்கொடைத் தோட்டத்தில் அவை வளர்ந்தன. பின்னர் உலகின் மோட்டார் வண்டிகள் ரயருக்காக ரப்பரைத் தேடியபோது, இந்நாட்டுத் தோட்டங்களில் விடியற் பொழுதில் மரத்தைக் கீறிப் பால் எடுத்த தொழிலாளரின் உழைப்பும் அச்சக்கரங்களோடு சேர்ந்து உருண்டது.

மோட்டார் வண்டியில் காற்று ரயரைத் துணிந்து பூட்டியவர்கள் பிரான்சு நாட்டு மிச்செலின் சகோதரர்கள். 1895இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர்ப் பந்தயத்தில், ரயர்கள் மீண்டும் மீண்டும் வெடித்தபோதும், அவர்கள் தம் வண்டியை ஓட்டி முடித்தனர். எனினும் தொடக்ககால மோட்டார் வண்டிகள் உயர்ந்த சக்கரங்களையே கொண்டிருந்தன. 1908இல் வெளிவந்த போர்ட் நிறுவனத்தின் ‘ரி’ மாதிரி வண்டியின் ரயர் 30 அங்குல உயரமும் மூன்று, மூன்றரை அங்குல அகலமும் உடையது. சேறும் வண்டித்தடமும் நிறைந்த அமெரிக்க நாட்டுப்புற வழிகளுக்கு அந்த உயரம் தேவைப்பட்டது.

வழிகள் சீரடைந்தன. 1923இல் குறைந்த அழுத்தமும் பருத்த உடலும் கொண்ட ‘பலூன்’ ரயர்கள் சந்தைக்கு வந்தன. அதன்பின் சக்கரம் படிப்படியாகச் சிறுத்தது. போர்ட் வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். 1928இல் 21 அங்குலமாயிருந்த றிம், 1930இல் 19 ஆயிற்று, 1932இல் 18, 1933இல் 17, 1935இல் 16. சக்கரம் தாழ வண்டியும் தாழ்ந்தது. வண்டி தாழ வளைவுகளில் அதன் நிலைபேறு உயர்ந்தது. நம் வீதிகளில் நீண்டகாலம் பணிசெய்த மொறிஸ் மைனர் 1948இல் 14 அங்குலச் சக்கரங்களோடு வந்தது. அதனை அமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே 1959இல் ‘மினி’ வண்டியை அமைத்தபோது சக்கரம் 10 அங்குலத்துக்கு இறங்கியது. இதற்கும் ஓர் எல்லை இருந்தது. சக்கரத்தின் உள்ளேதான் பிறேக் அமைய வேண்டும். இடம் குறைந்தால் பிறேக்கும் சிறுக்கும். 1984இல் மினிக்கு முன்னிலும் பெரிய தட்டுப் பிறேக்குகள் வந்தபோது, அதன் சக்கரமும் 12 அங்குலமாயிற்று. ஆகவே சக்கரம் பெரிதாவதெல்லாம் பிழை என்று கூறுதல் பொருந்தாது. எதன்பொருட்டுப் பெரிதாகின்றது என்பதே வினா.

இனி மூன்றாம் அத்தியாயத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலும், அமெரிக்காவில் தனிப்பட அலங்கரித்த வண்டிகளுக்கு 20, 22, 24 அங்குல றிம்கள் பூட்டும் வழக்கம் பரவிற்று. புளோரிடா மாநிலத்தில் 1971 முதல் 1976 வரை செய்யப்பட்ட செவ்ரொலே இம்பாலா, கப்றீஸ் வண்டிகளுக்கு 26 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள சக்கரங்களைப் பூட்டி உயர்த்துவது ஒரு தனிக்கலையாகவே வளர்ந்தது. அதில் உழைப்பும் இரசனையும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் இயற்கையின் விதிகள் இரசனைக்கு இணங்குவதில்லை.

றிம்மைப் பெரிதாக்கும் வழி இரண்டு. முதல் வழியில், றிம் வளர, ரயரின் பக்கச்சுவர் குறைக்கப்படும். சக்கரத்தின் முழு உயரம் மாறாது. 195/65 ஆர் 15 என்று குறிக்கப்பட்ட ரயருக்குப் பதிலாக 225/45 ஆர் 17 பூட்டினால், முழு விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய 634 மில்லிமீற்றரே. ஆனால் பக்கச்சுவரின் உயரம் 127 மில்லிமீற்றரிலிருந்து 101 ஆகக் குறைகின்றது. குறுகிய சுவர் குறைவாக வளைவதால் சுக்கானின் கட்டளைக்கு வண்டி உடனே பணியும். இது மெய்யான நன்மை. எனினும், குழியின் அடியைத் தாங்கிய காற்றுத் தலையணை மெலிந்துவிடுகின்றது. அடி நேரே றிம்மைச் சேர்கின்றது. றிம் வளையும், ரயரின் சுவர் பிளக்கும். காற்றழுத்தம் சற்றுக் குறைந்தாலும் இவ்வாபத்துப் பன்மடங்காகும்.

பாரத்தின் செய்தி வேறு. வண்டியின் வில்லுக்கு மேலே இருக்கும் பாரம் ஒன்று. வில்லுக்குக் கீழே சக்கரத்தோடு துள்ளும் பாரம் மற்றொன்று. பெரிய றிம் பெரும்பாலும் கனத்தது. அக்கனம் துள்ளும்போது சக்கரம் நிலத்தை விட்டு எழுந்து, மீண்டும் நிலத்தைப் பற்றக் காலம் தாழ்த்தும். நிலத்தைத் தொடாத சக்கரம் வண்டியைத் திருப்பவும் மாட்டாது, நிறுத்தவும் மாட்டாது.

இரண்டாம் வழி இதனினும் கொடியது. அதில் சக்கரத்தின் முழு உயரமே கூட்டப்படுகின்றது. 28 அங்குலமாயிருந்த சக்கரம் 33 ஆயிற்று என்று கொள்வோம். யாழ்ப்பாணத்துத் துலாவை நேயர்கள் நினைவிற் கொள்க. ஒரு பக்கத்துக் கை நீண்டால் அப்பக்கத்துக்கே வலிமை கூடும். பிறேக் அச்சின் அருகே நின்று பற்றுகின்றது. வீதியோ சக்கரத்தின் விளிம்பில் நின்று தள்ளுகின்றது. விளிம்பு தூரப் போகப் போக வீதியின் கை நீள்கின்றது. கணக்குப் பார்த்தால், ஓட்டுபவர் அதே அளவு அழுத்தினாலும், நிறுத்தும் விசை நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறையும். வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 70க்கு மேல் ஓடும். அதாவது, தாம் எண்ணியதினும் விரைந்து போகின்ற ஒருவர், தாம் எண்ணியதினும் குறைந்த பிறேக்கோடு போகின்றார். இவற்றின்மேல் வண்டி இரண்டரை அங்குலம் உயர்கின்றது. வளைவிற் சாயும் இயல்பும் கூடுகின்றது. கொவென்றியின் பெருஞ்சக்கரத்தில் இருந்த அதே பகை, வேறு உடை உடுத்து மீண்டும் வருகின்றது.

றிம் வெளியே பிதுங்கி நிற்பின், அச்சின் குண்டுதாங்கிகள் விரைவில் தேய்வதும், சுக்கான் ஒருபுறம் இழுப்பதும், முழுதும் திருப்பும்போது ரயர் வண்டியின் உடலில் உராய்வதும் உண்டு. இவை ஒரே நாளில் தெரியா. அழகு முதல் நாளே தெரிந்துவிடும். தேய்வு மெல்ல வரும்.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. பெருஞ்சக்கரத் துவிச்சக்கர வண்டியிலிருந்து விழுந்தவன் பெரும்பாலும் தன் தலையையே உடைத்துக்கொண்டான். மோட்டார் வண்டி அவ்வாறன்று. அதன் பிறேக் சில அடி பிந்திப் பிடித்தால், அந்தச் சில அடிக்குள் நிற்பவர் வண்டியின் சொந்தக்காரர் அல்லர். வீதியைக் கடக்கும் பள்ளிச் சிறுவனோ, ஓரமாகச் செல்லும் முதியவரோ ஆவர். சக்கரம் தனிமனிதனின் உடைமை. வீதியோ அனைவருக்கும் பொது. தன் அழகுக்குத் தான் விலை கொடுத்தல் நியாயம். பிறரைக் கொடுக்கச் செய்தல் நியாயமன்று.

ஆகவே சக்கரம் மாற்ற விரும்புவோர் சில வினாக்களைக் கேட்டல் வேண்டும். முழு விட்டம் மாறாதிருக்கின்றதா? ரயரில் பொறித்துள்ள பாரமும் வேகமும் இவ்வண்டிக்குப் போதுமா? றிம் அச்சிலிருந்து விலகி நிற்கும் தூரம் முன்போலவே உள்ளதா? இவற்றுக்கு விடையளிக்கும் அளவுகள் வண்டியின் கைந்நூலிலும், பெரும்பாலும் கதவு நிலையில் ஒட்டிய தகட்டிலும் உள்ளன. அவ்வளவுகள் சும்மா எழுதப்பட்டவை அல்ல. 1870இலிருந்து விழுந்தும் எழுந்தும் மனிதன் கற்ற பாடத்தின் சுருக்கம் அச்சிறு தகட்டில் அடங்கியிருக்கின்றது. அதனைப் படித்துவிட்டுப் பின்னர் அழகைத் தேடுவோமாயின், ஏரியல் வண்டியில் ஏறி விழுந்தவர்கள் பட்ட துன்பம் வீண்போகாது.