மதுரையின் கடற்பாசித் தொழிலும் மூளைச் செல் ஆய்வும்

மதுரைக்குக் கடல் இல்லை. ஆயினும் கடற்பாசியிலிருந்து அகார், ஆல்ஜினேட் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் தமிழக ஆலைகள் பல மதுரைப் பகுதியில் அமைந்தன. இவ்விரண்டும் இயற்கைப் பல்சர்க்கரைகள். சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாக இணைந்தவை.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிலிருந்து வந்த அகார் நின்றது. நுண்ணுயிர்களை வளர்க்க ஆய்வகங்களுக்கு அது தேவை என்பதால் இந்தியக் கடற்பாசிகள் ஆராயப்பட்டன. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், குடிசைத் தொழிலாகவே அகார் தயாரிக்கும் முறையை மண்டபத்தில் உருவாக்கியது. 1966 முதல் தமிழகக் கடற்கரையில் பாசி வணிக அளவில் சேகரிக்கப்படுகிறது. இராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகாருக்கும், கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் ஆல்ஜினேட்டுக்கும் பயன்பட்டன.

பழுப்புப் பாசிகளில் ஃபியூகாய்டன் என்ற கந்தகம் சேர்ந்த பல்சர்க்கரையும் உண்டு. 1913இல் சுவீடன் அறிஞர் கைலின் இதைக் கண்டறிந்தார். மூளை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் உடல் பெறும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பயன்படுத்துகிறது. அதன் செல் சவ்வுகளில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு மிகுதி. எனவே தனி உறுப்புகள் பெருகும்போது நரம்புச் செல்கள் விரைவில் சிதைகின்றன. இதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம். ஃபியூகாய்டன் இச்சிதைவைக் குறைப்பதாக ஆய்வகச் செல்களிலும் விலங்குகளிலும் நடந்த சோதனைகள் காட்டின. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் மரிக்கொழுந்துப் பாசியின் சாறும் நரம்புச் செல் காப்புக்காக ஆராயப்பட்டது. அச்சாறு பல வேதிப்பொருள்கள் கலந்தது; தனிப் பல்சர்க்கரை அன்று.

ஆய்வகத்திலிருந்து மருந்துக்கு உள்ள தூரம் பெரிது. பெரிய பல்சர்க்கரை மூலக்கூறுகள் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. குருதி–மூளைத் தடுப்பையும் கடக்க வேண்டும். பழுப்புப் பாசியிலிருந்து பெறப்பட்ட குறுஞ்சங்கிலிச் சர்க்கரை மருந்து ஒன்றுக்கு, அல்சைமர் நோய்க்காக 2019இல் சீனா நிபந்தனையுடன் ஒப்புதல் அளித்தது. அதன் பன்னாட்டுச் சோதனையோ 2022இல் முடிவு காணாமலே நிறுத்தப்பட்டது. ஆகவே ஜிகர்தண்டாவில் சேரும் கடற்பாசி மூளையைக் காக்கும் என்று கூற இன்று சான்றில்லை.

மூலப்பொருளும் எல்லையற்றதன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதன்பின் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கத் தடை வந்தது. பாசியை நம்பிய பெண்களின் பிழைப்பு நெருக்கடிக்குள்ளானது. இப்பாசிகளிலிருந்து என்றேனும் மருந்து பிறந்தால், பறித்தவர்களுக்கு உரிய பங்கும் கடலுக்கு உரிய காப்பும் கிடைக்குமா என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.