மார்ஷல் ஒளித்து வைத்திருந்த ஆயுதம்

செஸ் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் கதை இது. 1909-ல் அமெரிக்காவின் ஃபிராங்க் மார்ஷல், கியூபா இளைஞன் காபாபிளாங்காவிடம் ஒரு மேட்சில் 8-1 என்று உதை வாங்கினார் (14 டிரா தனி!). அதன்பின் ரகசியமாக ஒரு ஓப்பனிங்கைத் தயார் செய்து, ஒன்பது வருடம் பூட்டி வைத்திருந்து, 1918 அக்டோபர் 23 அன்று நியூயார்க் போட்டியில் அதே ஆள் மீது ஏவினார் என்பார்கள்.

ஆட்டம் ரூய் லோபஸ், வெள்ளை காபாபிளாங்கா. எட்டாவது நகர்த்தலில் மார்ஷல் ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். வெட்டி முடித்தால் கறுப்புக்கு ஒரு சிப்பாய் நஷ்டம். ஆனால் வெள்ளையின் ராணிப்பக்கக் காய்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே தூங்கிக்கொண்டிருக்க, கறுப்புக் காய்கள் ராஜாவை நோக்கிப் பாயும்.

இது வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த பொறி என்று காபாபிளாங்காவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. இருந்தும் வெட்டினார். சவாலை ஏற்பது கௌரவப் பிரச்சினை என்று பின்னால் எழுதினார். பதினைந்தாவது நகர்த்தலில் மார்ஷல் குதிரையைக் கொண்டுபோய் ராஜாவின் வாசலிலேயே பலி கொடுத்தார். ராணியால் அதை வெட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். காபாபிளாங்கா வெட்டவில்லை, அமைதியாக யானையை ஒரு கட்டம் நகர்த்தினார். 36 நகர்த்தலில் வெற்றி அவருக்கு.

ஒன்பது வருட ரகசியம் என்பதை நான் நம்பவில்லை. 1917-லேயே மார்ஷல் வால்டர் ஃப்ரியருக்கு எதிராக இதே மாதிரி சிப்பாயைக் கொடுத்து ஆடியிருக்கிறார். எனக்கு அந்த ரகசியத்தைவிட, யாரோ வீட்டில் நிதானமாக யோசித்ததை ஒரு மனிதர் கடிகாரம் ஓட ஓட பலகையிலேயே அவிழ்த்தாரே, அதுதான் பிரமிப்பு.

வேடிக்கை என்னவென்றால், தோற்ற ஓப்பனிங் சாகவில்லை. குதிரையைப் பின்வாங்காமல் பக்கத்துச் சிப்பாயால் தாங்கிப் பிடித்தால் போதும் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். 1965-ல் ஸ்பாஸ்கி இதை வைத்தே டாலைத் திணறடித்தார். காஸ்பரோவ் வெள்ளையில் ஆடும்போது, மார்ஷலுக்கு இடமே கொடுக்காமல் எட்டாவது நகர்த்தலிலேயே வேறு பாதையில் திரும்பிவிடுவார்.

2004 பிரிஸ்ஸாகோ உலக சாம்பியன்ஷிப்பின் எட்டாவது ஆட்டத்திலும் இதே மார்ஷல்தான். இந்த முறை வீட்டில் தயார் செய்துகொண்டு வந்தது வெள்ளை, அதாவது கிராம்னிக். கம்ப்யூட்டர் உதவியோடு செய்த அந்தத் தயாரிப்பில் ஒரு ஓட்டை இருந்தது. லேகோ பலகையில் உட்கார்ந்தபடியே அதைக் கண்டுபிடித்துவிட, 32-வது நகர்த்தலில் கிராம்னிக் கைகுலுக்கினார். பட்டத்தைக் காப்பாற்ற அவர் கடைசி ஆட்டத்தை ஜெயிக்க வேண்டியதாயிற்று. ஜெயித்தும் விட்டார்.