பெட்டிக்கடைச் சரம்

சிறு தொழில் நடத்துகிறவரிடம் சந்தைப்படுத்தல் என்று சொன்னால் அவர் விளம்பரச் செலவைத்தான் முதலில் நினைப்பார். பொருளைச் செய், விலை வை, கடைக்கு அனுப்பு, பிறகு ஊருக்குச் சொல் என்பது பாடநூல் வரிசை. தமிழ்நாட்டில் பாக்கெட் ஷாம்பு பரவிய வரலாறு வேறு வரிசையைக் காட்டுகிறது. கடலூரில் சிறிய அளவில் மருந்துப் பொருள்கள் தயாரித்துவந்த சின்னி கிருஷ்ணன், வசதியுள்ளவர் வாங்குவதைக் கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்க முடியவேண்டும் என்று நினைத்தவர். எப்சம் உப்பு, டால்கம் பவுடர் போன்றவற்றைச் சிறு பாக்கெட்டுகளில் விற்றார். அவருடைய மகன்கள் வெல்வெட் ஷாம்புவை அதே வழியில் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். இன்றைய கெவின்கேர் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அன்று தலைக்குச் சீயக்காயும் அரப்பும் தேய்த்துக் குளித்த வீடுகளுக்கு ஷாம்பு பிடிக்காமல் இல்லை. பாட்டில் வாங்க மொத்தமாகப் பணம் வேண்டும். அன்றாடம் கூலி வாங்குகிறவரிடம் இல்லாதது அதுதான். ஆகவே அந்தக் கையில் இருக்கும் சில்லறையே முதல் கணக்கு; அதற்குள் எத்தனை மில்லி அடங்கும் என்பது அடுத்தது. சில்லறைக்குச் சாமான் விற்பது புதிதா என்று கேட்கலாம். இல்லை, மளிகைக் கடையில் பொட்டலம் மடிப்பது பழைய வழக்கம்தான். ஆனால் பொட்டலத்தில் வாடிக்கையாளர் நம்பியது கடைக்காரரை. பாக்கெட்டில் நம்பியது அதன்மேல் அச்சடித்த பெயரை. ஒரு சிறு உற்பத்தியாளர் முகம் தெரியாத ஊரில் நற்பெயர் எடுக்க இது இடம் கொடுத்தது. கடைக்காரருக்கும் லாபம் இருந்தது: பாட்டில்களில் பணத்தை முடக்க வேண்டாம், அலமாரி வேண்டாம், ஒரு சரத்தை வாங்கி வாசலில் தொங்கவிட்டால் போதும். தொங்கும் சரமே செலவில்லாத விளம்பரப் பலகை.

நடிகை அமலாவை வைத்து எடுத்த விளம்பரம்தான் சிக்கைத் தூக்கிவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. ரங்கநாதனே பேட்டிகளில் சொன்ன கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. காலி ஷாம்பு பாக்கெட்டுகள் ஐந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்ற திட்டம் முதலில் எல்லா நிறுவனங்களின் பாக்கெட்டுகளையும் ஏற்றது. பிறகு சிக் பாக்கெட்டை மட்டும். அந்தத் தந்திரத்தைத் தனியாகவே ரசிக்கலாம். போட்டியாளரின் வாடிக்கையாளரை முதலில் உள்ளே அழைத்து, பழகியபின் கதவைச் சாத்திவிடுகிறது! மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சமானது. மல்லிகை, ரோஜா மணங்கள் சேர்ந்தபோது 30 லட்சம். அமலா வந்தபின்தான் ஒரு கோடி. நட்சத்திரம் மூன்று மடங்குக்குமேல் பெருக்கியது உண்மைதான். ஆனால் பெருக்குவதற்கு ஒரு தொகை அதற்குமுன் உருவாகியிருந்தது. கிராமங்களில் சிறுவர்களின் தலையைக் கழுவிக் காட்டிய செயல்விளக்கங்களும் பரப்பும் வேலையைத்தான் செய்தன.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ரங்கநாதன் ஒன்றுமில்லாமல் தொடங்கியவர் அல்லர். தந்தையின் யோசனையும் தொழில் பழக்கமும் அவருக்கு முன்பே கிடைத்திருந்தன. சரிதான். ஆனால் அதே யோசனையோடு முதலில் வந்த வெல்வெட் பின்தங்கிப்போனது. சிறிய உறை யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய உத்தி. பன்னாட்டு நிறுவனங்களும் பின்னர் அதில் இறங்கின. 1990களின் இறுதியில் சிக் 50 காசுக்கு இறங்கியதையும் இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்கவேண்டும். சில்லறையிலிருந்து தொடங்கும் கணக்கைப் பெரிய போட்டிக்கு நடுவிலும் அந்த நிறுவனம் கைவிடவில்லை.

குப்பை பற்றிய குற்றச்சாட்டுக்கு மட்டும் இந்த வரலாற்றில் முழு விடை இல்லை. பல அடுக்கு நெகிழியாலான இந்த உறைகளை மறுசுழற்சி செய்வது கடினம். சாக்கடையிலும் குளக்கரையிலும் சேர்கின்றன. விற்பனையைப் பரப்பிய அதே மலிவு இந்தச் சுமையையும் பரப்பியது. ஆனாலும் காலி பாக்கெட்டுக்கு ஒரு மதிப்பு இருந்த அந்தத் திட்டக் காலத்தில் மக்கள் அதைச் சேர்த்துவைத்துக் கடைக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். விற்பனைக்காகச் செய்தது அது. விற்பனை நிலைத்தபின் காலி உறையைத் திரும்ப வாங்க யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று.