ஊவா மலைச்சரிவில் எரிபொருட் பயிர்கள்: ஒரு வரலாற்று நோக்கு

பயிரிலிருந்து எரிபொருள் பெறும் முயற்சி அண்மைக் காலத்து விஞ்ஞானத்தின் விளைவென்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. கரும்பிலிருந்து பெறும் எதனோலை மோட்டார் வாகனங்களுக்குப் பயன்படுத்தும் தேசியத் திட்டத்தைப் பிரேசில் 1975இல் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்கா 2005இல் இயற்றிய சட்டம் பெற்றோலுடன் தாவர எரிபொருளைக் கலப்பதைக் கட்டாயமாக்கியது. இவற்றை நோக்குவோர்க்கு அவ்வெண்ணம் தோன்றுதல் இயல்பே. ஆயினும் நிலத்தில் விளைவதை எரித்துத் தொழில் நடத்துவதும், அதற்கான விலையை மண்ணும் நீரும் மக்களும் செலுத்துவதும் ஊவா மாகாணத்திற்குப் பழைய செய்திகளாகும். ஹல்துமுல்லைப் பிரதேசத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மத்திய மலைநாடு தெற்கு நோக்கிச் செங்குத்தாக இறங்கும் விளிம்பிலே ஹல்துமுல்லை அமைந்துள்ளது. மேலே ஹப்புத்தளை, கீழே வெல்லவாயச் சமவெளி. மேற்சரிவில் வெட்டப்படும் மரத்தின் விளைவு கீழ்நிலத்து வயலின் நீரிலே தெரியுமாறு இயற்கை இவ்விடத்தை அமைத்துள்ளது. புணகலை ஓயா தியலுமை அருவியாக 220 மீற்றர் வீழ்ந்து கிரிந்தி ஓயாவுடன் கலப்பது இத்தொடர்பினை நன்கு புலப்படுத்தும்.

இம்மலைத்தொடரின் தென்சரிவில், சமனலவாவிப் பகுதியில், 1990ஆம் ஆண்டளவில் கில் ஜூலெவ் என்னும் தொல்லியலறிஞர் நடத்திய அகழ்வாய்வுகள் தென்மேற்குப் பருவக்காற்றின் விசையால் இயங்கிய இரும்புருக்கு உலைகளை வெளிப்படுத்தின. கி.பி. முதலாயிரத்தாண்டின் பிற்பகுதியில் இயங்கிய அவ்வுலைகளுக்குக் காற்று ஊதுதுருத்தியாயிற்று. காட்டு மரத்தின் கரியே எரிபொருளாயிற்று. ஆகவே இச்சரிவின் காடு தொழிலுக்கு எரிபொருள் வழங்கிய வரலாறு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டதெனலாம். எனினும் அக்காலத்தில் வெட்டிய இடம் மீண்டும் காடாக வளர அவகாசம் இருந்தது.

அவ்வவகாசத்தை இல்லாதொழித்தது பெருந்தோட்டப் பொருளாதாரமே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டு தோட்டத்துரைமாருக்கு விற்க வழிவகுத்தது. கோப்பிக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1869இல் ஊவாவின் மடுல்சீமையிலே முதன்முதற் காணப்பட்ட இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளிற் கோப்பிச் செய்கையை அழித்தது. இதற்கிடையில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைப் பேணவேண்டுமெனக் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் யோசப் ஹூக்கர் 1873இல் வற்புறுத்தினார். ஹல்துமுல்லையின் பெரும்பகுதி அவ்வெல்லைக்குக் கீழே கிடந்தமையால் அப்பாதுகாப்பு அதனைச் சேரவில்லை.

கோப்பியைத் தொடர்ந்து வந்த தேயிலை, காட்டின்மீது இரட்டைச் சுமையை ஏற்றியது. கோப்பிக்கு வேண்டியது காட்டு நிலம். தேயிலைக்கோ நிலத்துடன் நெருப்பும் வேண்டும். ஒரு கிலோ தேயிலைத்தூள் பெற ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அக்கொழுந்திலுள்ள நீரைப் போக்க விறகை எரிக்கும் தொழிற்சாலைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை விறகு செலவாகும். ஆண்டுக்கு ஐந்து இலட்சம் கிலோ தேயிலை செய்யும் தொழிற்சாலைக்கு 750 முதல் 1,000 தொன் விறகு தேவை. ஒரு ஹெக்டயரில் ஆண்டுக்குப் பத்துத் தொன் விறகு விளையுமெனக் கொள்ளின், அவ்வொரு தொழிற்சாலைக்கு மட்டும் 75 முதல் 100 ஹெக்டயர் விறகுத்தோட்டம் வேண்டும். தேநீர்க் கோப்பையின் பின்னே இத்தகைய கண்காணாத நிலமொன்று உள்ளது.

எண்ணெய் மலிவாயிருந்த காலத்திற் பல தொழிற்சாலைகள் எண்ணெய் உலைக்கு மாறின. 1973, 1979 ஆகிய ஆண்டுகளின் எண்ணெய் விலையேற்றம் அவற்றை மீண்டும் விறகிற்கே திருப்பியது. தாழ்நாட்டு இறப்பர் மரங்கள் லொறிகளில் மலையேறின. தோட்டங்களின் ஓரங்களிலும் புல்வெளிகளிலும் யூக்கலிப்டஸ் பெருகியது. நிழல்மரமாக வந்த கிரவிலியாவும் உலைக்குச் சென்றது.

இம்மாற்றத்தின் நன்மை மறுக்கத்தக்கதன்று. அந்நியச் செலாவணி மிஞ்சியது. வளர்ப்பு விறகு கிடைத்த அளவிற்கு இயற்கைக் காடு தப்பியது. ஆனால் விரைவாக வளரும் யூக்கலிப்டஸ் மண்ணின் நீரையும் விரைவாகவே உறிஞ்சும். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகள் வெறுந்தரிசல்ல. மழைநீரை ஏந்தி ஊற்றுகளுக்கு வழங்குவன. அங்கு மரம் நடுதலைப் பசுமையின் பெருக்கமென்று மட்டும் கணக்கிடின், கோடையில் வற்றும் ஊற்று கணக்கிற் சேராது போகும். அவ்வூற்றிலே குடத்துடன் காத்துநிற்பவர்கள் லயத்துப் பெண்களே.

விறகின் பங்கீடும் இங்குக் கருதத்தக்கது. கவ்வாத்துக் காலத்து மிலாறும் உதிர்ந்த கிளைகளுமே தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் அடுப்பெரித்தன. தொழிற்சாலை உலைக்கும் லயத்து அடுப்புக்கும் ஒரே மரம் வேண்டப்படும்போது, எது முதலில் நிறைவுறும் என்பதைத் தீர்மானித்தது நிருவாகமேயன்றி அம்மரத்தை வளர்த்த கைகளல்ல.

2005இல் அரசாங்கம் கிளிரிசிடியாவை நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்றதும், அதன் விறகால் மின்சாரம் பிறப்பிக்கும் ஆலைகள் திட்டமிடப்பட்டன. வெட்ட வெட்டத் துளிர்ப்பதும், வளிமண்டல நைதரசனை மண்ணிற் சேர்ப்பதும், இலை தழையுரமும் தீவனமும் ஆவதும் இம்மரத்தின் சிறப்புகள். வேலியிலும் தென்னைக்கு இடையிலும் வளர்க்கும்போது இது வேறு பயிரின் நிலத்தைப் பறிப்பதில்லை. அதே மரத்தை ஆலைக்கெனத் தனித்தோட்டமாக வளர்க்கப் புன்செய் நிலத்தையோ குறுங்காட்டையோ அழிப்பின் நிலைமை மாறிவிடும். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிரேசில், தென்கிழக்காசியா, அமெரிக்கா ஆகிய இடங்களிற் காட்டையும் புல்வெளியையும் அழித்து எரிபொருட் பயிர் செய்யும்போது வெளியேறும் கரியமிலவாயு, அவ்வெரிபொருள் ஓராண்டிற் சேமிக்கும் அளவைப்போல் 17 முதல் 420 மடங்கு வரையாகும் எனக் கணித்தது. இக்கடனைத் தீர்க்கத் தலைமுறைகள் செல்லலாம்.

மாகாணத்தின் தாழ்நிலத்திலும் இவ்வினா எழுகின்றது. பெல்வத்தை, செவனகலைக் கரும்பாலைகள் 1980களில் எழுந்தன. அவற்றின் கழிவுப்பாகிலிருந்து வடிக்கப்படும் எரிசாராயம் பெரிதும் மதுபான உற்பத்திக்கே சென்றது. நாளை அது வாகனத்திற்குச் செல்லுமாயினும், கரும்பு ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றருக்குக் குறையாத நீரை வேண்டும் பயிரென்பதும், ஒரு லீற்றர் சாராயத்துக்குப் பத்து லீற்றருக்குக் குறையாத கழிவுநீர் வெளிவருமென்பதும் மாறப்போவதில்லை.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி ஹல்துமுல்லைப் பிரிவிலுள்ள கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்திற் சரிந்த மலை லயன்களையும் பலரது உயிரையும் மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. தொடர்மழையே உடனடிக் காரணம். விறகுப்பயிரின்மீது அப்பழியைச் சுமத்துதல் பொருந்தாது. எனினும் எந்நிலம் எதனைத் தாங்கும் என்னும் வினாவைப் பிற்போட்டால், விலை கொடுப்போர் சரிவின் கீழே வாழ்வோரே என்பதை அது உணர்த்தியது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் அருகியபோது நாடு மீண்டும் விறகை நாடியது. அத்தகைய தருணம் இன்னொன்று வரக்கூடும். எரிபொருட் பயிரும் அப்போது வேண்டப்படும்.

ஆதலால் எரிபொருட் பயிர் வேண்டுமா, வேண்டாமா என்று பொதுப்பட வாதிடுதல் பயனற்றது. எந்தச் சரிவில், எந்தப் பயிரை அகற்றி, யாருடைய நீரைக்கொண்டு, யாருடைய அடுப்பிற்காக என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே மரம் நடுதல் தகும். இவ்வினாக்கள் கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் அங்கு உழைத்த மக்களிடம் ஒருபோதும் கேட்கப்படவில்லை. இனிவரும் திட்டங்களாவது அவர்களிடமிருந்து தொடங்குதல் வேண்டும்.