வெளிநாட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் இந்திய வீரர்கள்

இந்தியாவில் கூடைப்பந்தாட்டம் கற்று, ஐக்கிய அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான், கனடா ஆகிய நாடுகளின் தொழில்முறைக் கூட்டிணைவுகளில் இடம்பெற்ற, அல்லது இடம்பெற முயன்ற ஆட்டக்காரர்கள் மிகச் சிலரே ஆவர். இவர்களுள் பலர் இந்தியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்களாகக் கருதப்பட்டவர்கள். ஆயினும் இந்திய தேசிய அணிக்காக விளையாடிய எவரும் 2024-25 பருவம் வரை, உலகின் முதன்மையான கூட்டிணைவான என்.பி.ஏ.வின் வழமையான பருவ ஆட்டம் ஒன்றில் களமிறங்கியதில்லை. திறமை உடையவர்கள் கடைசிப் படியில் நின்றுவிடுவதற்கான காரணங்கள் தனிமனிதக் குறைகளில் மட்டுமன்றி, இவ்விளையாட்டு இந்தியாவில் அமைந்துள்ள முறையிலும் காணப்படுகின்றன.

பின்னணி

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரால் உருவாக்கப்பட்டது. ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் வழியாக இது இந்தியாவில் பரவியது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இதில் முக்கிய இடம் பெறுகிறது. இந்தியக் கூடைப்பந்தாட்டக் கூட்டமைப்பு 1950இல் நிறுவப்பட்டது.

1975ஆம் ஆண்டு பாங்காக்கில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் இந்திய ஆண்கள் அணி நான்காம் இடம் பெற்றது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகள் புறக்கணித்தபோது, இந்திய அணிக்கு அதில் பங்குபெறும் வாய்ப்புக் கிடைத்தது. அதன் பிறகு இந்தியா ஒலிம்பிக் கூடைப்பந்தாட்டத்திற்குத் தகுதி பெறவில்லை.

என்.பி.ஏ.வில் இடங்களின் எண்ணிக்கை

என்.பி.ஏ.வில் 30 அணிகள் உள்ளன. ஓர் அணி வழமையான ஒப்பந்தத்தில் 15 பேரை வைத்திருக்கலாம். ஆகவே உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 450 இடங்களே உள்ளன. டிராஃப்ட் எனப்படும் ஆண்டுத் தேர்வு இரண்டு சுற்றுகளாக நடைபெறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 30 இடங்கள் என்பது இதன் வழமை. முதற்சுற்றில் தேர்வு பெறுபவருக்கு உறுதியான ஒப்பந்தம் உண்டு. இரண்டாம் சுற்றில் தேர்வு பெறுபவருக்கு அத்தகைய உறுதி கிடையாது.

இடம் கிடைக்காதவர்கள் பலர் 2001இல் தொடங்கிய வளர்ச்சிக் கூட்டிணைவில் ஆடுகின்றனர். டி-லீக் எனப்பட்ட இக்கூட்டிணைவு 2017 முதல் ஜி-லீக் என்று அழைக்கப்படுகிறது. இங்கு ஊதியம் என்.பி.ஏ. ஊதியத்தின் மிகச் சிறு பகுதியே ஆகும். நன்கு ஆடுபவர் எந்த நாளிலும் மேலே அழைக்கப்படலாம். பெரும்பாலோர் அழைக்கப்படாமலேயே வேறு நாடுகளுக்குச் செல்கின்றனர்.

குறிப்பிடத்தக்க ஆட்டக்காரர்கள்

கீத்து அன்னா ஜோஸ்

கேரளத்தைச் சேர்ந்த கீத்து அன்னா ஜோஸ் (பிறப்பு: 1985) தென்னக இரயில்வேயில் பணியாற்றியவர். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்காக ஆடினார். 2011இல் சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் ஆகிய மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுப் பயிற்சிகளில் கலந்துகொண்டார். எந்த அணியும் அவரை ஒப்பந்தம் செய்யவில்லை. 2014இல் அருச்சுனா விருது பெற்றார்.

சத்னாம் சிங் பமாரா

சத்னாம் சிங் பமாரா 1995 டிசம்பர் 10 அன்று பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். லூதியானா கூடைப்பந்தாட்டப் பயிலகத்தில் பயிற்சியாளர் எஸ். சுப்பிரமணியனிடம் பயின்றார். 2010இல், 14ஆம் அகவையில், உதவித்தொகை பெற்று புளோரிடாவிலுள்ள ஐ.எம்.ஜி. பயிலகத்திற்குச் சென்றார். அப்போது அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

2015 ஜூன் 25 அன்று நடைபெற்ற டிராஃப்ட் தேர்வில் டாலஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52ஆவது ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து இவ்வாறு தேர்வு பெற்ற முதல் ஆட்டக்காரர் இவரே ஆவார். இரண்டாம் சுற்றில் தேர்வானதால் உறுதியான ஒப்பந்தம் கிடைக்கவில்லை. வளர்ச்சிக் கூட்டிணைவில் டெக்சஸ் லெஜண்ட்ஸ் அணியில் 2017 வரை இருந்தார். அங்கும் மிகக் குறைந்த நேரமே களத்தில் ஆடினார். பின்னர் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணியில் ஆடினார். ஊக்கமருந்துச் சோதனையில் தோல்வியுற்றதற்காக 2020 டிசம்பரில் அவருக்கு இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2021இல் அமெரிக்கத் தொழில்முறை மற்போர் நிறுவனமான ஏ.இ.டபிள்யூ.வில் இணைந்தார்.

பிறர்

* பல்பிரீத் சிங் பிரார்: ஏ.சி.ஜி.-என்.பி.ஏ. ஜம்ப் என்னும் நாடு தழுவிய திறன் தேடல் வழியாகக் கண்டறியப்பட்டவர். 2016இல் டி-லீக் டிராஃப்டில் லாங் ஐலண்ட் நெட்ஸ் அணியால் தேர்வு செய்யப்பட்டார். பருவம் தொடங்கும் முன் விடுவிக்கப்பட்டார்.
* அம்ஜியோத் சிங்: ஜப்பானில் டோக்கியோ எக்சலன்ஸ் அணிக்காக ஆடியவர். 2017இல் ஜி-லீக்கின் ஓக்லஹோமா சிட்டி புளூ அணியில் இடம்பெற்றார்.
* அம்ரித்பால் சிங்: டோக்கியோ எக்சலன்ஸ் அணிக்கு ஆடியபின், 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணியில் சேர்ந்தார்.
* விசேஷ் பிருகுவன்ஷி: வாரணாசியைச் சேர்ந்தவர், இந்திய அணியின் தலைவராக இருந்தவர். 2017இல் அடிலெய்டு 36யர்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். 2020இல் அருச்சுனா விருது பெற்றார்.
* பிரின்ஸ்பால் சிங்: 2017இல் தொடங்கப்பட்ட இந்திய என்.பி.ஏ. பயிலகத்தின் மாணவர். 2020-21 பருவத்தில் ஜி-லீக் இக்னைட் அணியில் இருந்தார். 2021இல் கோடைக் கூட்டிணைவை வென்ற சாக்ரமென்டோ கிங்ஸ் அணியிலும் இடம்பெற்றிருந்தார்.

என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் கனடாவில் பிறந்து வளர்ந்த சிம் புல்லர் ஆவார். இவர் 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் பத்து நாள் ஒப்பந்தத்தில் சேர்ந்து மூன்று ஆட்டங்களில் களமிறங்கினார்.

தமிழ்நாடும் நிறுவன அணிகளும்

தமிழ்நாட்டு ஆண்கள் அணி 2018 சனவரியிலும் 2022 ஏப்ரலிலும் சென்னையில் நடைபெற்ற தேசியப் போட்டிகளில் வாகை சூடியது. இங்குள்ள வலிமையான அணிகளுள் பல, நிறுவனங்களைச் சேர்ந்தவை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, தென்னக இரயில்வே, இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்டக்காரர்களைப் பணியில் அமர்த்துகின்றன.

இம்முறையில் ஆட்டக்காரர் நிரந்தர ஊழியராகிறார். விளையாடும் வயது முடிந்த பின்னும் ஊதியமும் பதவி உயர்வும் ஓய்வூதியப் பயன்களும் தொடர்கின்றன. நடுத்தர, ஏழைக் குடும்பங்களிலிருந்து வரும் பலருக்கு வாழ்வளித்தது இம்முறையே. மறுபுறம், ஒரு பருவ வெளிநாட்டு ஒப்பந்தத்திற்காக நெடுவிடுப்புப் பெறவோ பணியைத் துறக்கவோ வேண்டியிருப்பதால், வெளிநாட்டு முயற்சி பெரும் இழப்பை வருவிக்கக்கூடிய ஒன்றாகிறது. உள்ளூரில் காலில் ஊன்றி நிற்க உதவும் அதே வேலை, வெளியே செல்லும் கால்களைக் கட்டவும் செய்கிறது.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தென்னக இரயில்வே ஊழியராக இருந்துகொண்டே 18 ஆண்டுகள் இந்திய அணிக்காக ஆடினார். இவருக்கு 2021இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. வெளிநாட்டுக் கூட்டிணைவுகளைச் சாராமல் அமைந்த நீண்ட ஆட்ட வாழ்க்கைக்கு இவர் ஓர் எடுத்துக்காட்டு.

காரணங்கள்

# தாமதமான தொடக்கம்: இந்திய ஆட்டக்காரர் பலர் உயரத்தின் காரணமாகப் பதின்ம வயதில்தான் இவ்விளையாட்டிற்குக் கொண்டுவரப்படுகின்றனர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவ்வயதினர் பல நூறு ஆட்டங்களைக் கண்டிருப்பர். பந்தைக் கையாள்வதும், எதிரணியின் நகர்வை முன்னுணர்வதும் ஆட்ட அனுபவத்தால் மட்டுமே கைவருபவை.
# நிலையான உள்நாட்டுக் கூட்டிணைவு இன்மை: 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. தொடர் 2017க்குப் பின் நடைபெறவில்லை. இந்தியத் தேசியக் கூடைப்பந்துக் கூட்டிணைவு என்ற தொடர் 2022இல் தொடங்கப்பட்டது.
# ஆட்டமுறையில் மாற்றம்: 2010களில் மூன்று புள்ளி எறிதல் பெருகியது. கூடையருகே நின்று ஆடும் நடு நிலை ஆட்டக்காரர்களின் தேவை குறைந்தது. ஏழடிக்கு மேல் உயரமுள்ளவரும் விரைந்து ஓடவும், வளைகோட்டுக்கு வெளியே தடுத்தாடவும் வேண்டியதாயிற்று. உயரத்தை முதன்மையாகக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு இது பாதகமாக அமைந்தது.
# வெளிநாட்டவர் வரம்பு: பல நாடுகளின் கூட்டிணைவுகளில் ஓர் அணி சில வெளிநாட்டவரையே சேர்க்க முடியும். அவ்விடங்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களுக்கே செல்கின்றன.

தாக்கம்

சத்னாம் சிங்கைப் பற்றி 2016இல் "ஒன் இன் எ பில்லியன்" என்ற ஆவணப்படம் வெளியானது. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் எதிர்பார்ப்பு, 19 அகவையே நிரம்பிய ஓர் இளைஞர்மீது சுமத்தப்பட்டதை அப்படத்தின் பெயரே காட்டுகிறது.

எனினும் இவ்வீரர்களின் பங்களிப்பை என்.பி.ஏ. ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது. 2014 ஜூலையில் வூகான் நகரில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியா, போட்டியை நடத்திய சீனாவை 65-58 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. அவ்வணியில் விசேஷ் பிருகுவன்ஷி, அம்ஜியோத் சிங், அம்ரித்பால் சிங் ஆகிய மூவரும் இருந்தனர். பின்னாளில் வெளிநாட்டு அணிகளில் நிலையான இடம் கிடைக்காத இவர்களே, இந்தியக் கூடைப்பந்தாட்ட வரலாற்றின் குறிப்பிடத்தக்க வெற்றிகளுள் ஒன்றைப் பெற்றுத் தந்தவர்கள் ஆவர்.